முந்திரியில் வியட்நாம் நம்மைத் தாண்டிப் போனது எப்படி? அரசே எல்லாம் நடத்திய நாடுகளில் போட்டி எங்கிருந்து வருகிறது?

காடாம்புலியூர் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பண்ருட்டி பக்கம் காடாம்புலியூர்தான் எங்கள் ஊர். அப்பா முந்திரி கம்பெனி வைத்திருக்கிறார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பாய்லர், ஒரு டிரையர், உடைக்கவும் தோல் உரிக்கவும் வருகிற முப்பது அக்காக்கள், அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் எங்கள் கொல்லை மரம் மொத்தமும் சாய்ந்துவிட்டது. புதுக் கன்று வைத்தோம், ஆனால் அப்புறம் கம்பெனிக்குக் கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாகத்தான் வருகிறது.

சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்கிற ஒரே பேச்சு "வியட்நாம் ரேட் இன்னைக்கு என்ன?" என்பதுதான். அப்பா தொழிலுக்கு வந்தபோது முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாதான் உலகத்தில் முதல் இடம். 2006ல் வியட்நாம் அதைப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. இப்போது நம் உள்ளூர் சந்தையைக் காப்பாற்றவே பருப்பு இறக்குமதிக்கு 70 சதவீதம் வரி, முழுப் பருப்பு கிலோ 720 ரூபாய்க்குக் குறைந்து உள்ளே வரக்கூடாது என்று 2019ல் உத்தரவு போட வேண்டிய நிலைமை வந்தது.

நான் புதுச்சேரியில் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறிய நாடுகளைப் பற்றி ஒரு தாள் இருக்கிறது. அதில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: விலைக் கட்டுப்பாட்டை எடு, அரசுக் கம்பெனிகளைத் தனியாருக்கு விற்றுவிடு, போட்டி தானாக வரும். ரஷ்யா இரண்டையும் 1992லேயே ஆரம்பித்தது, கடைசியில் எண்ணெயும் நிக்கலும் நாலைந்து பேர் கையில் போய்ச் சேர்ந்தன. வியட்நாமில் இன்றைக்கும் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிதான், பெரிய பெரிய அரசுக் கம்பெனிகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் முந்திரியில் மட்டும் நூற்றுக்கணக்கான தனியார் கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு உலகச் சந்தையைப் பிடித்துவிட்டன.

அப்படியென்றால் கம்பெனிகளுக்குள் போட்டி வருவதும் வராததும் எதைப் பொறுத்தது? யாருடைய சொத்து என்பதா, சட்டமா, இறக்குமதியா, வேறு ஏதாவதா? புராஜெக்டுக்காக மட்டும் கேட்கவில்லை. அப்பா அடுத்த வருஷம் கம்பெனியை மூடிவிடலாமா என்று யோசிக்கிறார்.

லாஸ்பேட்டை வாத்தியார்:

தம்பி, முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதல் பத்து வருஷம் நீங்கள் எழுதியிருக்கிற அதே வாய்ப்பாட்டைத்தான் நானும் கரும்பலகையில் எழுதினேன். போலந்தையும் ரஷ்யாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் அதில் பாதி இல்லை என்று புரிந்தது.

ஹங்கேரிக்காரர் யானோஷ் கோர்னாய் என்பவரிடமிருந்து ஆரம்பியுங்கள். பொதுவுடைமை நாட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அந்த அமைப்பை ஆராய்ந்தவர். அவர் கேட்டது எளிமையான கேள்வி: ஒரு கம்பெனி நஷ்டப்பட்டால் என்ன ஆகிறது? உங்கள் அப்பா நஷ்டப்பட்டால் நகை பேங்குக்குப் போகும், அடுத்து நிலம், அதற்கும் அடுத்து கொட்டகைக்குப் பூட்டு. ஹங்கேரியில் அரசுக் கம்பெனி நஷ்டப்பட்டால் மானியம் வரும், வரியைத் தள்ளுபடி செய்வார்கள், பேங்கில் இன்னொரு கடன் கிடைக்கும், அதுவும் போதாவிட்டால் விற்பனை விலையை அரசே ஏற்றிக் கொடுக்கும். இதைத்தான் அவர் இளகிய பட்ஜெட் என்றார். இப்படி இருந்தால் மேலாளருக்கு வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிற அவசியம் என்ன? அவர் அமைச்சகத்தின் முகத்தைத்தான் பார்ப்பார். கம்பெனிகளுக்குள் போட்டி அப்போதும் உண்டு, யார் மேலிடத்தில் அதிகம் வாங்கி வருவது என்பதில்தான் அந்தப் போட்டி.

இதோடு சோவியத் தொழில்கள் கட்டப்பட்ட விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். பல பொருட்களை நாடு முழுவதற்கும் ஒரே ஆலையோ இரண்டு ஆலையோதான் செய்யும். திட்டம் போடுகிறவர்களுக்கு அது வசதி. சில ஊர்கள் ஒரே ஆலையைச் சுற்றி எழுந்தவை. தோல்யாத்தி நகரம் லாடா கார் ஆலையால் வளர்ந்தது. அந்த மாதிரி ஊரில் ஆலையை மூட எந்த மேயருக்குத் துணிச்சல் வரும்?

இந்த நிலைமையில்தான் 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் கைதர் என்ற அமைச்சர் தலைமையில் விலைகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விட்டார்கள். விலை ஏறினால் பக்கத்தில் இன்னொருவன் மலிவாகச் செய்து விற்பான், அதனால் விலை இறங்கும் என்பது கணக்கு. பக்கத்தில் இன்னொருவன் இல்லையே. அந்த வருஷம் பணவீக்கம் 2500 சதவீதத்தைத் தொட்டது. பணம் அச்சடித்ததும் காரணம்தான், ஆனால் விற்கிறவன் ஒருவனே என்பதையும் ஒதுக்க முடியாது. நஷ்டப்பட்ட ஆலைகளும் மூடவில்லை. மின்சார பில் கட்டுவதில்லை, கூலி கொடுப்பதில்லை, ஒருவருக்கொருவர் சரக்கைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். 1998 வாக்கில் தொழில்துறை விற்பனையில் பாதி அளவுக்குப் பண்டமாற்றாகவே நடந்தது. மானியத்தின் பெயர் மாறியது, இளக்கம் போகவில்லை.

போலந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் 1990 ஜனவரி 1, நிதி அமைச்சர் பால்செரோவிச்சின் திட்டம் என்று சொல்வார்கள். அது சரிதான், ஒரே நாளில் பெரும்பாலான விலைகளை விட்டார்கள், மானியத்தை வெட்டினார்கள், இறக்குமதியைத் திறந்தார்கள். ஆனால் பலரும் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, கம்யூனிஸ்ட் ஆட்சியின் கடைசி நாட்களில், வில்செக் என்ற தொழில் அமைச்சர் பெயரில் ஒரு சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் அநேகமாக எந்தத் தொழிலும் தொடங்கலாம், பதிவு செய்தால் போதும் என்றது அது. வார்சா தெருக்களில் மடக்குக் கட்டிலை விரித்து அதன்மேல் சோப்பும் செருப்பும் பரப்பி விற்றார்கள், கார் டிக்கியைத் திறந்து வைத்து இறைச்சி விற்றார்கள். அவர்களில் சிலர்தான் பின்னால் கடை வைத்தார்கள், மொத்த வியாபாரி ஆனார்கள், தொழிற்சாலை வைத்தார்கள்.

இன்னும் கவனிக்க வேண்டியது, போலந்து பெரிய ஆலைகளை அவசரமாக விற்கவில்லை. பொதுமக்களுக்குப் பங்கு கொடுக்கும் பெரிய திட்டம் 1995ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பல ஆலைகள் அரசு ஆலைகளாகவே இருந்தன. ஆனால் மேலிருந்து பணம் வராது என்று அவற்றுக்குத் தெரியும், ஜெர்மன் சரக்கு எல்லை தாண்டி வருகிறது என்றும் தெரியும். அரசுடைமையாக இருந்துகொண்டே போட்டி போடக் கற்றுக்கொண்டன.

அதனால் என் பதில்: யார் சொத்து என்பதை நான் மூன்றாவதாக வைப்பேன். புதிதாக ஒருவன் உள்ளே வர முடிகிறதா என்பது முதல் கேள்வி. தோற்றவனை யாராவது தூக்கி நிறுத்துகிறார்களா என்பது இரண்டாவது.

கடலூர் முதுநகர்:

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்ததும் பழைய ஞாபகமெல்லாம் வந்துவிட்டது. 1991லிருந்து 97 வரை நான் மாஸ்கோவில் படித்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

1992 ஜனவரி கடைசியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம் என்று அதிபர் எல்ட்சின் ஆணை போட்டார். அடுத்த வாரமே மெட்ரோ வாசலில் வரிசையாகப் பாட்டிகள். ஒருத்தர் கையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, இன்னொருத்தர் கையில் இரண்டு பாட்டில் பால், பனியில் நின்றபடியே விற்றார்கள். கொஞ்ச நாளில் இரும்புப் பெட்டி மாதிரி கடைகள் வந்தன, துருக்கியிலிருந்தும் சீனாவிலிருந்தும் கோடுபோட்ட பெரிய பைகளில் துணி சுமந்து வரும் வியாபாரிகள் வந்தார்கள். அதைப் பார்த்தபோது இந்த ஊரில் போட்டி வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் ஒருத்தர், எங்களுக்குக் கடனுக்கு ரொட்டி கொடுப்பார். மாதா மாதம் தோல் கோட் போட்ட இரண்டு பையன்கள் வந்து அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு அங்கே "கூரை" என்று பெயர். உனக்குக் கூரை யார் என்றுதான் புதுக் கடைக்காரனை முதலில் கேட்பார்கள். ஒரு தெருவில் ஒரு கூரைக்குக் கீழே நாலு கடை இருந்தால் ஐந்தாவது கடை வர முடியாது, வந்தால் எரியும். எரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது போதாதென்று சுகாதாரம், தீயணைப்பு, வரி என்று ஆள் மாற்றி ஆள் சோதனைக்கு வருவார்கள்.

சொத்தைப் பிரித்துக் கொடுத்த கதையும் சொல்கிறேன். 1992 அக்டோபரிலிருந்து குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்பில் ஒரு பங்குச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு வோல்கா கார் வாங்குகிற மதிப்பு அதற்கு வரும் என்று தனியார்மயத்தைக் கவனித்த சுபைஸ் டிவியில் சொன்னார். எங்கள் விடுதியைப் பெருக்குகிற அம்மா அதை ஒரு முதலீட்டுக் கம்பெனியில் கொடுத்து ரசீது வாங்கி வந்தார். அடுத்த வருஷம் அந்த முகவரியில் வேறு கடை இருந்தது. அந்த அம்மா ரசீதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும். 1995ல் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளையும் நோரில்ஸ்க் நிக்கலையும் தனியார் பேங்குகளிடம் அடமானம் வைத்து அரசு கடன் வாங்கியது. ஏலத்தை நடத்தியவர்களே ஏலம் எடுத்தார்கள். தனியார் கைக்குப் போய்விட்டது, போட்டி எங்கே வந்தது?

ஆனால் ஒன்று, 1998 ஆகஸ்ட்டில் ரூபிள் விழுந்த பிறகு இறக்குமதி சரக்கு விலை எங்கேயோ போய்விட்டது. அதுவரை கடையில் கண்ணில் படாத ரஷ்ய பிஸ்கட், ஜூஸ், சாசேஜ் எல்லாம் திரும்ப வந்தன என்று அங்கேயே தங்கிவிட்ட நண்பன் சொன்னான். உள்ளூர்க்காரனுக்கு மூச்சுவிட ஒரு இடைவெளி கிடைத்தால் எழுந்து நிற்கிறான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலியார்பேட்டை:

முதுநகர் அண்ணன் கடைசியில் சொன்ன வரிதான் என் கட்சியும். வாத்தியார் ஐயாமேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் "தோற்றவனைத் தூக்கி நிறுத்தக் கூடாது" என்பதை அவ்வளவு சுலபமாக என்னால் ஏற்க முடியவில்லை.

என் மாமா அரசு எடுத்து நடத்திய ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டியவர். கோர்னாய் சொன்னது அத்தனையும் அங்கே நடந்தது, மறுக்கவில்லை. வருஷா வருஷம் பட்ஜெட்டில் பணம் வருமா என்று காத்திருப்பார்கள், வந்த பணம் சம்பளத்துக்கே சரியாகிவிடும், புது இயந்திரம் வாங்கவே மாட்டார்கள். கடைசியில் மூடினார்கள். மாமாவுக்கு அப்போது 52 வயது. தறியைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஆனார். தப்பு செய்தது அவரா? இயந்திரம் வாங்காமல் விட்டது அவரா?

கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். 1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மனியின் பணமான மார்க் அங்கே வந்தது. கூலியை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றினார்கள். மக்களுக்கு அது சந்தோஷம்தான், ஆனால் ஒரே இரவில் அங்கே செய்கிற ஒவ்வொரு பொருளின் அடக்கவிலையும் மேற்கத்திய பணத்தில் எகிறிவிட்டது. வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத், போலந்து வாடிக்கையாளர்களால் மார்க்கில் கொடுக்க முடியவில்லை. உள்ளூர் மக்களும் மேற்குச் சரக்கைத்தான் தேடினார்கள். சுமார் 40 லட்சம் பேர் வேலை பார்த்த ஆலைகள் ட்ராய்ஹான்ட் என்ற ஒரே அமைப்பின் கையில் வந்தன. அவற்றை விற்கவும் மூடவும் அது எடுத்துக்கொண்டது நாலே வருஷம். அங்கே செய்த ட்ராபான்ட் காரின் உற்பத்தி 1991 ஏப்ரல் 30 அன்று நின்றது. புதிதாக வர யாருக்கும் தடை இல்லை, தோற்றவரைத் தூக்கி நிறுத்தவும் ஆள் இல்லை, வாத்தியார் ஐயாவின் இரண்டு நிபந்தனையும் இருந்தன. போட்டி போடக் கற்றுக்கொள்ள நேரம்தான் இல்லை.

தம்பி, உங்கள் முந்திரியிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. மொசாம்பிக். விடுதலைக்குப் பிறகு அதுவும் பொதுவுடைமை நாடாக இருந்து, போரில் நொந்து, 1990களில் சந்தைக்கு மாறியது. முந்திரி ஆலைகளைத் தனியாருக்கு விற்றார்கள். அடுத்து, உடைக்காத கொட்டை ஏற்றுமதிக்கு இருந்த வரியைக் குறைத்தால்தான் கடன் என்று உலக வங்கி நிபந்தனை வைத்தது. வரி குறைந்தது, கொட்டை கப்பல் ஏறியது, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, அதில் நிறையப் பேர் பெண்கள். அந்தக் கொட்டை போய் இறங்கியது எங்கே தெரியுமா? இந்தியாவில்.

நெல்லிக்குப்பம்:

எல்லோரும் ஐரோப்பாவைப் பற்றியே சொல்கிறீர்கள். சீனா எதையும் அவசரமாக விற்கவில்லை, கட்சியும் மாறவில்லை. அங்கே போட்டி எப்படி வந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாத்தியார்:

முதலியார்பேட்டை நண்பருக்கு முதலில். உங்கள் மாமா விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். ஆலையை மூடுவதும் ஆளைக் கைவிடுவதும் வேறு வேறு. என் பதிலில் அதைப் பிரித்துச் சொல்லாதது என் குறை. போலந்திலும் 1993 கடைசியில் வேலையில்லாதவர்கள் 16 சதவீதத்துக்கு மேல் போனார்கள். அங்கே ஓய்வூதியமும் உதவித்தொகையும் கொடுத்ததால்தான் மக்கள் ஓரளவுக்குத் தாங்கினார்கள். கிழக்கு ஜெர்மனியைப் பற்றி நீங்கள் சொன்ன நேரக் கணக்கையும் ஏற்கிறேன். ஆனால் நேரம் கொடுத்தால் மட்டும் போதுமா? உங்கள் மாமா ஆலைக்கு நேரம் கொடுத்தார்களே, அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நேரம் கொடுத்து, அதே சமயம் இளகவும் விடாமல் செய்ததற்குச் சீனாவின் கிராமக் கம்பெனிகள் நல்ல உதாரணம். 1978க்குப் பிறகு அரசு ஆலைகளுக்கு இரண்டு விலை வைத்தார்கள். திட்டத்தில் உள்ள அளவைப் பழைய விலைக்கு அரசிடம் கொடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் செய்வதைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். அந்த இடுக்கில்தான் கிராமக் கம்பெனிகள் நுழைந்தன. 1978ல் அவற்றில் சுமார் 2.8 கோடிப் பேர் வேலை செய்தார்கள், 1996ல் 13.5 கோடி. அவற்றில் பல கிராம, ஊர் நிர்வாகங்களின் சொத்து, தனியார் இல்லை. ஆனால் ஒரு ஊர் நிர்வாகத்தால் பணம் அச்சடிக்க முடியாது. கம்பெனி தொடர்ந்து நஷ்டப்பட்டால் மூடத்தான் வேண்டும். பக்கத்து ஊர்க் கம்பெனி அதே விசிறியை, அதே பொத்தானை மலிவாகச் செய்துகொண்டிருக்கும். நம் ஊராட்சி ஒன்றியங்கள் ஆளுக்கு ஒரு தொழிற்சாலை வைத்துப் போட்டி போட்டால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள், ஏறக்குறைய அதுதான்.

மாஸ்கோ அனுபவத்துக்கும் ஒன்று. 1996ல் திமோதி ஃபிரையும் ஆந்த்ரேய் ஷ்லைஃபரும் மாஸ்கோவிலும் வார்சாவிலும் சிறு கடைக்காரர்களிடம் கணக்கெடுத்தார்கள். மாஸ்கோவில் கடையைப் பதிவு செய்யவே பல மடங்கு நாள் பிடித்தது, வருஷத்துக்கு நடக்கிற சோதனைகளும் வார்சாவைப் போல இரண்டு மடங்கு. இரண்டு ஊரிலும் தனியார் கடைகள்தான், இரண்டு ஊரிலும் விலை அவரவர் இஷ்டம்தான்.

குறிஞ்சிப்பாடி டிரேடர்:

தம்பி, நான் பருப்பு வியாபாரம், வியட்நாமுக்குச் சரக்கு பார்க்க மூன்று தடவை போயிருக்கிறேன். பின் ஃபூக் பக்கம் போனால் நம் பண்ருட்டிக்கு வந்த மாதிரியே இருக்கும். செம்மண், இரண்டு பக்கமும் முந்திரி, வீட்டு வாசலில் காயப்போட்ட கொட்டை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1990களின் ஆரம்பத்தில் அவர்கள் கொட்டையை உடைக்காமலேயே நமக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள். 1986ல் டோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது, ஆனால் தனியாராகக் கம்பெனி ஆரம்பிக்க அதற்குப் பிறகும் பல ஆபீஸ் படி ஏற வேண்டும். அவர்கள் பாஷையில் "சின் சோ" என்பார்கள். கேட்பது, கொடுப்பது என்று அர்த்தம். நீ கேட்டு நிற்க வேண்டும், அதிகாரி மனது வைத்துக் கொடுக்க வேண்டும். 2000 ஜனவரி 1ல் புது நிறுவனச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அது உடைந்தது. பதிவு செய்தால் போதும் என்றார்கள், நூற்றுக்கு மேற்பட்ட லைசென்ஸ்களை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு முளைத்தவைதான் நீங்கள் சொல்கிற கம்பெனிகளில் பெரும்பாலானவை. வாத்தியார் ஐயாவின் முதல் கேள்வி அங்கே அப்படியே பொருந்துகிறது. 2005லிருந்து மாகாணம் மாகாணமாகத் தொழில் செய்வது எங்கே சுலபம், எங்கே லஞ்சம் அதிகம், எங்கே நிலம் கிடைக்கிறது என்று கம்பெனிக்காரர்களிடமே கேட்டு, அங்குள்ள வர்த்தக சம்மேளனம் தரவரிசை போடுகிறது. கடைசியில் வருகிற மாகாணத்தின் தலைவருக்கு அவமானம்.

அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. வினாஷின் என்று அரசின் கப்பல் கட்டும் கம்பெனி, கேட்டபோதெல்லாம் கடன் கிடைத்ததால் சம்பந்தமில்லாத தொழிலில் எல்லாம் கால் வைத்தது. 2010ல் 60 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனின் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. முந்திரியில் அந்த மாதிரி பெரிய அரசுக் கம்பெனி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை, அது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று.

ஆனால் என் கண்ணுக்குப் பட்ட பெரிய காரணம் வேறு. கூலிக்கு ஆள் கிடைக்காததுதான். தெற்கு வியட்நாமில் செருப்பு, கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகள் வந்ததும் பெண்கள் முந்திரியை விட்டுவிட்டு அங்கே போனார்கள். கையில் முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரிகிற வேலை யாருக்குப் பிடிக்கும்? நம் அக்காக்கள் இன்றைக்கும் சாம்பலும் விளக்கெண்ணெயும் தடவிக்கொண்டுதானே உட்காருகிறார்கள். ஆள் போனதும் அங்கே உள்ளூர் லேத் பட்டறைக்காரர்கள் உடைக்கிற இயந்திரம், காற்றடித்துத் தோல் எடுக்கிற இயந்திரம், நிறம் பார்த்துப் பிரிக்கிற இயந்திரம் என்று செய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பட்டறை இல்லை, பல பட்டறை. பட்டறைகளுக்குள் போட்டி, அதனால் விலை குறைவு, அதனால் சின்னக் கம்பெனியும் வாங்க முடிந்தது. இன்றைக்கு அதே இயந்திரம் ஆப்பிரிக்காவுக்கும் போகிறது, நம் ஊருக்கும் வருகிறது. ஆக, போட்டி பருப்பு விற்கிற இடத்தில் மட்டும் இல்லை, ஆள் பிடிக்கிற இடத்திலும் இயந்திரம் செய்கிற இடத்திலும் இருந்தது.

இன்னொன்று, கோர்ட்டை நம்பி யாரும் வியாபாரம் செய்வதில்லை. 90களில் அங்கே தனியார் கம்பெனிகள் எப்படிக் கடனுக்குச் சரக்கு கொடுத்தன என்று மெக்மில்லன், உட்ரஃப் என்று இரண்டு பேர் ஆராய்ந்தார்கள். பழகிய ஆளுக்கும், தெரிந்தவர் சொல்லி வந்த ஆளுக்கும், வேறு இடத்தில் சுலபமாகச் சரக்கு வாங்க முடியாத ஆளுக்கும்தான் கடன் அதிகம் கொடுத்தார்களாம். படித்ததும் இது நம் மார்க்கெட்தானே என்று தோன்றியது. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தெரிந்தவனுக்குள்ளேயே சுற்றினால் புது ஆள் எப்படி உள்ளே வருவான்?

720 ரூபாய் விஷயத்தில் உன் அப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். அந்தத் தடுப்பு இருக்கிற காலத்தில் நாம் இயந்திரத்துக்கு மாறியிருந்தால் அது மூச்சுவிட இடைவெளி. மாறவில்லை என்றால் முதலியார்பேட்டைக்காரர் மாமா ஆலைக்கு வந்த பட்ஜெட் பணம் மாதிரிதான். நம்மில் எத்தனை பேர் மாறினோம்?

காடாம்புலியூர் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மொசாம்பிக் என்றதும் நிறுத்தச் சொன்னார். அந்தக் காலத்தில் அந்தப் பெயர் அச்சடித்த சாக்கு வந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறதாம். கொட்டை நன்றாக இருக்கும், விலையும் படிந்தது, ஏன் திடீரென்று அவ்வளவு வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை என்றார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

டிரேடர் அண்ணே, 720 ரூபாய்க்கு அப்பா கோபிக்கவில்லை. இயந்திரம் வாங்கினால் அந்த முப்பது பேரும் எங்கே போவார்கள் என்றுதான் இத்தனை வருஷம் வாங்கவில்லை என்றார். அது பாதி உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது, மீதிப் பாதி பேங்க் கடன் பயம். ஆனால் இப்போதே இளவயதுப் பெண்கள் யாரும் வருவதில்லை, வருகிறவர்கள் எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல். வியட்நாமில் ஆள் போனது மாதிரி இங்கேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், மெதுவாக.

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். வியட்நாம், போலந்து இரண்டிலும் உள்ளே வருவதற்கான சட்டம் ஒரு குறிப்பிட்ட தேதியில் வந்தது. நம் ஊரில் முந்திரி உடைக்க யாருக்கும் தடையே இருந்ததில்லை, யார் வேண்டுமானாலும் கொட்டகை போடலாம். அப்புறம் ஏன் நாம் பின்னால் போனோம்?

லாஸ்பேட்டை வாத்தியார்:

அதுதான் உங்கள் புராஜெக்ட், தம்பி. நான் விடை எழுதிக் கொடுக்க மாட்டேன், தேட வேண்டிய இடத்தை மட்டும் சொல்கிறேன். கொட்டகை போடத் தடை இல்லை, சரி. கொட்டை இறக்குமதி செய்யக் கடன் யாருக்குக் கிடைக்கிறது, தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் எடுக்கக் குறைந்தது எவ்வளவு பணம் வேண்டும், அது இல்லாதவர்கள் யாரிடம் வாங்கி யாருக்கு உடைத்துக் கொடுக்கிறார்கள் என்று பத்துக் கம்பெனியில் கேளுங்கள். கதவு திறந்திருப்பது மாதிரி தெரிந்தாலும் உள்ளே இன்னொரு கதவு இருக்கலாம். அப்புறம் இயந்திரம் செய்கிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர், எந்த ஊர் என்று ஒரு கணக்கு எடுங்கள்.

குறிஞ்சிப்பாடி டிரேடர்:

இயந்திரப் பட்டறை விவரம் என்னிடம் இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை காடாம்புலியூர் பக்கம்தான் வருகிறேன். அப்பாவை இருக்கச் சொல். ஒரு மூட்டை கொட்டை எடுத்து வை, பட்டறைக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்ப்போம். முழுப்பருப்பு எத்தனை, உடைசல் எத்தனை என்று நம் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கலாம்.